18-ம் நம்பர் மிடில் பெர்த்: ஒரு ராத்திரி ரயில் சண்டையோட முழு கேஸ்

ரயில் சண்டைய பத்தி யார் கதை சொன்னாலும் அது சண்டை வெடிச்ச நிமிஷத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கும். "நான் பாட்டுக்கு படுத்துட்டு இருந்தேன், அவன் ஃபோன்ல சத்தமா வெச்சான், கேட்டா எகிறுறான்". அவ்ளோதான் கதை, சொல்றவரு எப்பவும் நல்லவரு. நான் எழுதப் போறதும் ஒரு ஃபோன் சத்த சண்டைதான். ஆனா அதுல நான் வேடிக்கை பாத்தவன் மட்டும் இல்ல, அடுக்குன வெறகுல ரெண்டு கட்டை என்னோடது. தீ பத்துனது ராத்திரி பத்தே முக்காலுக்கு, வெறகு அடுக்க ஆரம்பிச்சது எட்டு மணிக்கே. அதனால எட்டு மணிலேர்ந்து சொன்னாதான் கணக்கு சரியா வரும்.

எழும்பூர்லேர்ந்து தெக்க போற ஒரு ராத்திரி வண்டி, பேர் வேண்டாம். போன வருஷம் ஆவணி, ஞாயித்துக்கிழமை பெரிய முகூர்த்தம், நான் ஏறுனது வெள்ளிக்கிழமை ராத்திரி. அந்த மாதிரி நாள்ல வண்டி எப்படி இருக்கும்னு தெக்கத்திக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. 60 நாளைக்கு முன்னாடி காலைல எட்டு மணிக்கு உக்காந்து புக் பண்ணவனுக்குத்தான் டிக்கெட், அதுலயும் குடும்பத்துக்கு ஒண்ணா கெடைக்காது, ஆளுக்கொரு மூலைல தூக்கிப் போட்டுரும் கம்ப்யூட்டர். இந்த கேஸ்ல அதுவும் ஒரு காரணம்.

யாரு எங்க

ஸ்லீப்பர் கோச்ச எட்டு எட்டு பெர்த்தா பிரிச்சிருப்பாங்க, லோயர் மிடில் அப்பர், எதுத்தாப்ல இன்னொரு லோயர் மிடில் அப்பர், நடைபாதைக்கு அந்தப் பக்கம் சைடு லோயரும் சைடு அப்பரும். எங்களோடது மூணாவது கேபின், 17-லேர்ந்து 24 வரைக்கும்.

17 லோயர்ல ஒரு ஆச்சி, எழுபது வயசு பக்கம், ரெண்டு முட்டியும் போச்சு. 18 மிடில் நான். 19 அப்பர் ஆச்சியோட வீட்டுக்காரரு, அவருக்கு ஆச்சிய விட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். மகன் புக் பண்ணிக் குடுத்தானாம், ஆச்சிக்கு லோயர் விழுந்துருச்சு, இவருக்கு உச்சாணி. இதுக்குன்னே வயசானவங்களுக்கு லோயர் பெர்த் கோட்டா இருக்கு, ஆம்பளைன்னா 60, பொம்பளைன்னா 45 தாண்டியிருந்தா போதும், ஆனா ஒரு ஸ்லீப்பர் கோச்சுக்கு ஆறு ஏழு லோயர்தான் அதுல ஒதுக்குறது, முகூர்த்த நாள்ல அதெல்லாம் எந்த மூலைக்கு.

எதுத்தாப்ல 20 லோயர்ல கைக்கொழந்தையோட ஒரு அம்மா, 21 மிடில்ல அவங்க வீட்டுக்காரரு. 22 அப்பர்ல ஒரு பையன், 24 சைடு அப்பர்ல இன்னொரு பையன், இவங்க ரெண்டு பேரோட கூட்டாளிங்க இன்னும் ரெண்டு பேரு பக்கத்து கேபின்ல 27-லயும் 30-லயும். நாலு பேரும் ஒரே ஆபீஸ், கூட வேலை பாக்குறவன் கல்யாணத்துக்கு திருநெல்வேலி போறாங்க. நாலும் மேல் பெர்த், ரெண்டு கேபின்ல, அத அப்படியே ஞாபகம் வெச்சுக்குங்க.

23 சைடு லோயர் ஆர்ஏசி. ஒரு காலேஜ் பொண்ணு, ஒரு நடுத்தர வயசு ஆளு, ஒருத்தர ஒருத்தர் முன்ன பின்ன தெரியாது. ஆர்ஏசின்னா முழு டிக்கெட் காசு குடுத்து அரை பெர்த், தெரியும்ல. இந்த ரெண்டு பேரையும் தனியா சொல்லணும், அப்புறம் வரேன்.

வெறகு

முதல் கட்டை நான் போட்டது. வண்டி கெளம்பி தாம்பரம் வர்றதுக்குள்ள பெரியவரு எங்கிட்ட கேட்டாரு, "தம்பி, மேல ஏற கொஞ்சம் செரமம், அந்த நடு பெர்த்த எனக்கு மாத்திக் குடுப்பீங்களா?" நியாயமான கேள்வி, லோயர் கூட கேக்கல மனுசன். நான் சொன்னது "பாக்கலாம்ங்கய்யா". நம்ம ஊர்ல பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். காரணம் என்னன்னா அப்பர் பெர்த்ல கூரை சூடு, பகல் பூரா வெயில்ல காஞ்ச தகரம் ராத்திரி பன்னெண்டு வரைக்கும் மூஞ்சிக்கு மேல அனல் அடிக்கும், ஃபேன் காத்து காதுக்குள்ள கடகடங்கும், ஒரு வாரமா வேலைல தூக்கம் இல்ல எனக்கு. எல்லாம் உண்மைதான். ஆனா அதே கூரை சூடு அவருக்கும் இருக்கும்ங்கறத நான் அப்ப யோசிக்கல, யோசிச்சு தள்ளி வெச்சேன்னும் சொல்லலாம். கம்ப்யூட்டர் தூக்கிப் போட்ட பெர்த்த நான் என்னமோ பத்திரம் பதிஞ்சு வாங்குன எடம் மாதிரி புடிச்சுட்டு இருந்தேன்.

ரெண்டாவது கட்டையும் என்னோடதே. செங்கல்பட்டு தாண்டுன ஒடனே, ஒன்பதேகால் இருக்கும், எனக்கு கண்ணு சொருகுது, எந்திரிச்சு மிடில் பெர்த்த தூக்கி சங்கிலிய மாட்டிட்டேன். கீழ ஆச்சி இட்லி மொளகாப்பொடி பொட்டலத்த பிரிச்சு ரெண்டு வாய்தான் வெச்சிருந்தாங்க. மிடில தூக்கிட்டா கீழ உக்காந்தவங்க நிமிர முடியாது, ஆச்சி கழுத்த சாச்சுக்கிட்டு அப்படியே சாப்புட்டாங்க, பெரியவரு பாதி இட்லியோட இலைய மடிச்சு ஜன்னலோரமா வெச்சுட்டு ஒண்ணும் சொல்லாம மேல ஏறுனாரு. அவரு ஏறுனத நான் முழுசா பாக்கல, கண்ண மூடிக்கிட்டேன். தூங்குற மாதிரி நடிக்கறதுக்கு ரயில விட நல்ல எடம் கெடையாது.

அந்த நேரத்துக்கு எனக்குள்ள ஒரு சாக்கு இருந்துச்சு, ஒன்பது மணிக்கு மேல பெர்த்த போட்டுக்கலாம்னு. அது பழைய கணக்கு. முன்ன ராத்திரி 9-லேர்ந்து காலைல 6 வரைக்கும் தூங்குற நேரம்னு வெச்சிருந்தாங்க, 2017 ஆகஸ்ட் கடைசில அத 10-லேர்ந்து 6-ன்னு மாத்திட்டாங்க. மாத்துனதே இதே தகராறுனாலதான், மிடில் பெர்த்காரன் ஏறுன ஒடனே பெர்த்த விரிச்சு காலைல வரைக்கும் மடக்காம, கீழ இருக்கவங்க கூன் போட்டு உக்கார வேண்டியதா போச்சுன்னு. உடம்புக்கு முடியாதவங்க, மாற்றுத்திறனாளிங்க, கர்ப்பிணிங்க கொஞ்சம் கூட நேரம் படுத்துக்கணும்னா மத்தவங்க அனுசரிக்கணும்னு அதுலயே சேத்து சொல்லியிருக்காங்க. நான் இதுல எதுலயும் சேர்த்தி இல்ல, வெறும் தூக்க கலக்கம்.

மூணாவது கட்டை கொழந்தையோட அம்மா. சும்மா சொல்லக் கூடாது, அவங்கள குத்தம் சொல்ல வாய் வரல, ஆனா கேஸ்னா எல்லாத்தையும் சொல்லணும். பிளாஸ்க் தண்ணி, பவுடர் டப்பா, பாட்டில், துணி மாத்துறதுன்னு கேபின் லைட் ஒன்பதரைலேர்ந்து எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கொழந்தை தூங்கும், லைட்ட அணைக்கப் போவாங்க, அது முழிச்சுக்கும். பத்து தாண்டியும் அப்படியே.

நாலாவது பசங்க. புரோட்டா பார்சல் சால்னா வாசனைய விட்டுருவோம், பசிக்கிறவனுக்கு அது குத்தமில்ல. ஆனா 22-க்கும் 27-க்கும் நடுவுல ஒரே ஒரு தடுப்புதான், ரெண்டு பேரும் முதுகுக்கு முதுகு படுத்திருக்காங்க, ஆனா மூஞ்சி பாத்து பேச முடியாது. அதனால ரெண்டு பேரும் நடைபாதை பக்கம் தலைய நீட்டி, வண்டி சத்தத்துக்கு மேல, "டேய் இத பாத்தியாடா"ன்னு கத்துவாங்க, ஒருத்தன் வீடியோ வெச்சா மத்த மூணு பேருக்கும் கேக்கணுமேன்னு ஸ்பீக்கர்ல வெப்பாங்க. 24-காரன் பத்து மணி வரைக்கும் கீழ ஆர்ஏசி சீட்ல நடுவுல சொருகி உக்காந்து அங்கேர்ந்து பதில் கத்துனான். பகல்ல சைடு அப்பர்காரன் சைடு லோயர்ல உக்காரலாம், அது மொறைதான், ராத்திரி பத்துக்கு மேல அந்த உரிமை கெடையாது. அவனும் சரியா பத்துக்கு ஏறிட்டான், அத சொல்லணும். ஏறி அங்கேர்ந்து கத்துனான்.

இதுக்கு நடுவுல ஒரே கேபின்ல ஏழெட்டு பேரு ஒருத்தர் கிட்ட ஒருத்தர் ஒண்ணுமே சொல்லல. மூச்சு விட்டாங்க, உச் கொட்டுனாங்க, போர்வைய தலைக்கு மேல இழுத்தாங்க. என்னைய கேட்டா இந்த கேஸ்ல பெரிய தப்பு சத்தமோ லைட்டோ பெர்த்தோ இல்ல, இந்த ரெண்டு மணி நேர மரியாதைதான். எட்டரை மணிக்கு சொல்லியிருந்தா அது வேண்டுகோள், பத்தே முக்காலுக்கு சொன்னா அது புகார்.

பத்தே முக்கால்

விழுப்புரம் தாண்டியாச்சு. கொழந்தை மூணாவது தடவையா தூங்கியிருந்துச்சு. 22-காரன் ஃபோன்ல ஏதோ வீடியோ, அதுல ஒருத்தன் திடீர்னு கத்துனான், கொழந்தை தூக்கிவாரிப் போட்டு அழ ஆரம்பிச்சுருச்சு. 21 மிடில்லேர்ந்து அப்பா தலைய நீட்டுனாரு. அதுக்கப்புறம் நடந்தத நான் ஏறக்கொறைய அப்படியே எழுதுறேன், ஏன்னா நம்ம ஆளுங்க சண்டைல விஷயத்த விட கூப்புடுற வார்த்தைய பாத்தாதான் சூடு எங்க ஏறுதுன்னு தெரியும்.

"தம்பி, கொஞ்சம் சவுண்ட கொறைங்களேன், கொழந்தை எந்திரிச்சுருச்சு."

"சாரி ணா." கொறச்சான். ரெண்டு நிமிஷம். 27-லேர்ந்து ஒருத்தன் "என்னடா சவுண்ட் வரல"ன்னான், திரும்ப ஏத்துனான்.

"ஏம்ப்பா, சொன்னேன்ல?"

தம்பி போய் ப்பா ஆயாச்சு, ங்க-வும் போச்சு. பையனுக்கு அது ஒறைச்சுது. "சார், நீங்க லைட்ட ஆஃப் பண்ணுங்க, நாங்க சவுண்ட ஆஃப் பண்றோம். ஒரு மணி நேரமா மூஞ்சில லைட் அடிக்குது, நாங்க எதாவது சொன்னமா?" ணா-வா இருந்தது சாரா மாறிருச்சு. ரயில்ல அண்ணன்லேர்ந்து சாருக்கு எறங்குறது மரியாதை இல்ல, அது கதவ சாத்துறது.

"கொழந்தைக்கு பால் கலக்க லைட் வேணாமா? என்ன பேசுற நீ?"

"ஒங்க கொழந்தை அழுவுறதையும்தான் எல்லாரும் பொறுத்துக்கிட்டு இருக்கோம்."

இந்த ஒரு வரிதான். இது வாயிலேர்ந்து வந்த ஒடனே பையனுக்கே தெரிஞ்சுது தப்புன்னு, மூஞ்சில தெரிஞ்சுது, ஆனா அள்ள முடியாதுல்ல. அந்த அம்மா அழுதுட்டாங்க. அப்பா சடார்னு எந்திரிக்கப் போய் அப்பர் பெர்த் இரும்புல தலை முட்டி, அந்த வலியும் சேந்து, "யோவ், எறங்கு கீழ"ன்னாரு. "யோவ்-னு சொல்ற வேலை வெச்சுக்காதய்யா"ன்னு இவன், பக்கத்து கேபின்லேர்ந்து ரெண்டு பேரும் எறங்கி வந்துட்டானுங்க, 24-காரன் சைடுலேர்ந்து குதிச்சான், குதிச்சதுல ஆர்ஏசி பொண்ணு காலு மேல. "139-க்கு போன் போடுறேன், அடுத்த ஸ்டேஷன்ல ஒங்கள எறக்குறேன் பாரு"ன்னு அப்பா ரயில்வே உதவி நம்பருக்கு அடிக்க ஃபோன எடுத்தாரு, "போடு போடு, லைட்டயும் சேத்து சொல்லு"ன்னு அவன்.

இந்த எடத்துல கொஞ்சம் நிறுத்தி சட்டம் யார் பக்கம்னு பாத்துருவோம். 2022 ஜனவரில ரயில்வே இதுக்குன்னே உத்தரவு போட்டுச்சு: இயர்ஃபோன் இல்லாம பாட்டு வீடியோ கூடாது, சத்தமா ஃபோன் பேசக் கூடாது, கூட்டமா போறவங்க ராத்திரி நேரம் கழிச்சு அரட்டை அடிக்கக் கூடாது, பத்து மணிக்கு மேல நைட் லைட் தவிர மத்த லைட் எரியக் கூடாது. ஆக சவுண்டும் லைட்டும் ஒரே தாள்ல இருக்கு, பையன் விதண்டாவாதமா சொன்னது எழுத்துப்படி சரி! 139-க்கு போன் பண்ணியிருந்தா பிஎன்ஆர் கேப்பாங்க, தகவல் போகும், வண்டில இருக்குற ரயில்வே ஆளோ ஆர்பிஎஃப்னு சொல்ற ரயில்வே பாதுகாப்பு படையோ வருவாங்க. முன்ன பாதுகாப்புக்கு 182-ன்னு தனி நம்பர் இருந்துச்சு, 2021-ல அதையும் 139-லயே சேத்துட்டாங்க. 1989 ரயில்வே சட்டத்துல 145-வது பிரிவு இருக்கு, குடிச்சுட்டு கலாட்டா, அசிங்கமா பேசுறது, மத்தவங்களுக்கு தொந்தரவு, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் போடலாம். ஆனா நல்லா யோசிங்க, ரீல்ஸ் சத்தத்துக்கு ஒருத்தன நடுராத்திரி எறக்கி விட்டுட்டு அந்த கேபின்ல யாரு நிம்மதியா தூங்குவா? குடிச்சுட்டு பொண்ணுங்க கிட்ட வம்பு பண்றவனா இருந்தா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம 139-ஐ அழுத்தணும், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. இங்க அது இல்லயே. இங்க ரெண்டு பக்கமும் சாதாரண மனுசங்க, ரெண்டு பக்கமும் தூக்கம் இல்ல.

பென்சிலு

அப்ப மேலேர்ந்து ஒரு காலு எறங்குச்சு. 19-லேர்ந்து பெரியவரு. அவ்ளோ சத்தத்துலயும் எல்லாரும் ஒரு நொடி அடங்குனது அந்த கால பாத்துதான், ஏன்னா அது படிய தேடுது, கெடைக்கல, நரம்பு பொடச்ச வெளுத்த பாதம் காத்துல துழாவுது, கடைசில என் பெர்த் ஓரத்துல வந்து ஊனுச்சு, என் முழங்கைக்கு ஒரு ஜாண் தள்ளி. சண்டை போட்ட 22-காரன்தான் கைய குடுத்து எறக்குனான்.

நான் அறிவுரை வரப் போவுதுன்னு நெனச்சேன். "அந்தக் காலத்துல நாங்கள்லாம்"னு ஒண்ணு ஆரம்பிக்கும் பாருங்க. அவரு அதெல்லாம் பேசல. "ஆருகிட்டயாச்சும் பென்சிலு இருக்கா?"ன்னு கேட்டாரு. காலேஜ் பொண்ணு பால்பாயிண்ட் பேனா குடுத்துச்சு. இட்லி மடிச்ச பேப்பரோட சுத்தமான ஓரத்த கிழிச்சு, லோயர் பெர்த் வெளிம்புல உக்காந்து, "ஒங்க நாலு பேருக்கும் என்னென்ன நம்பரு?"ன்னாரு. 22, 24, 27, 30. எழுதுனாரு. "பக்கத்து கேபின்ல 29-ல ஆரு? 32-ல ஆரு?" ஒரு பையன் போய் பாத்துட்டு வந்தான், ரெண்டு பேருமே முழிச்சுட்டுதான் இருந்தாங்களாம், இந்த கச்சேரிக்கு எங்க தூங்குறது.

அவரு பஸ் டிப்போல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அது எனக்கு காலைலதான் தெரியும். எந்த வண்டிக்கு எந்த டிரைவரு, ஒருத்தன் லீவு போட்டா யாரத் தூக்கி எங்க போடுறது, முப்பத்தி சொச்ச வருஷம் இதே வேலை. அவருக்கு அது சண்டையாவே தெரியல போல, டியூட்டி சார்ட் கோளாறா தெரிஞ்சிருக்கு. "இவனுவ கத்துறது கொழுப்பு இல்ல, தூரம்"னு பாத்துட்டாரு. நாலு பேரையும் ஒரே கேபின்ல போட்டா எட்டி எட்டி கத்த வேண்டியதில்ல, ஸ்பீக்கரும் வேண்டியதில்ல, இங்க கொழந்தை இருக்குற பக்கம் காலியாயிரும். 32 சைடு அப்பர்காரரு 24 சைடு அப்பருக்கு வரணும், அது நேருக்கு நேர், ஒடனே சரின்னுட்டாரு. மிச்சம் 22-காரன் 29 மிடிலுக்கு போகணும், 29-காரரு 22 அப்பருக்கு வரணும். அங்கதான் சிக்கல். 29-காரருக்கு போன வருஷம் இடுப்புல ஆப்பரேஷனாம், "மிடிலே எனக்கு கஷ்டம், அப்பர்னா ஆவாதுங்க".

பெரியவரு பேப்பர பாத்தாரு. அப்புறம் என்னைய பாத்தாரு. எட்டு மணிக்கு கேட்ட அதே கொரல்ல, கொஞ்சம் கூட கூட்டாம கொறைக்காம, "தம்பி, ஒங்க நடு பெர்த்த அவருக்கு குடுப்பீங்களா? நீங்க 22-ல போய் படுத்துக்கிடுங்க."

பாக்கலாம்னு சொல்ற எடமா அது? "சரிங்கய்யா"ன்னேன். சொல்லி என் பையையும் தலகாணியையும் சுருட்டிட்டு 22-க்கு ஏறி கூரைய பாத்து படுத்ததுக்கு அப்புறம்தான் எனக்கு மண்டைல அடிச்ச மாதிரி ஒறைச்சுது. அந்த ஆளு தனக்குன்னு கேட்டு கெடைக்காத 18-ஐ வாங்குனாரு, வாங்கி அத யாருன்னே தெரியாத ஒரு இடுப்பு ஆப்பரேஷன்காரருக்கு குடுத்துட்டு, அவரு திரும்ப 19-க்கே ஏறுறாரு. அவரு ஏறும்போது நான் எந்திரிச்சு "ஐயா, நீங்க"ன்னு ஆரம்பிச்சேன், "படுங்க தம்பி, மணியாச்சு"ன்னுட்டாரு. 21 மிடிலும் இருந்துச்சு, கொழந்தையோட அப்பா, அவரும் "நான் மேல போறேன் ஐயா, நீங்க இதுல"ன்னாரு. "கொழந்தை எந்திரிச்சா ஒம்ம வீட்டுல ஒத்தைல கெடந்து அல்லாடும், கையெட்டுற தூரத்துல கெடயும்"ன்னு அதையும் தட்டிவிட்டாரு.

அஞ்சு நிமிஷத்துல எல்லாம் எடம் மாறி முடிஞ்சுது. அந்தப் பக்கமா வந்த டிடிஆர் கிட்ட யாரு எங்க படுத்திருக்காங்கன்னு சொல்லியாச்சு, அவரு பேப்பர வாங்கி பாத்துட்டு சிரிச்சாரு, "சரி சரி படுங்க". 22-காரன் போறதுக்கு முன்னாடி அந்த அம்மா கிட்ட "அக்கா, அப்படி சொல்லியிருக்கக் கூடாது"ன்னு தரைய பாத்துக்கிட்டே சொன்னான். அவங்க பதில் சொல்லல. சொல்லணும்னு என்ன இருக்கு.

கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா

ஆர்ஏசி ரெண்டு பேர தனியா சொல்றேன்னேன்ல. இந்த மொத்த கச்சேரிலயும் எங்க கேபின்ல சண்டையே இல்லாத ஒரே எடம் அந்த 23-தான். எல்லார விடவும் கம்மியா எடம் கெடச்சவங்க அவங்கதான், ஒரு பெர்த்ல ரெண்டு பேரு. ஆனா ஏறி உக்காந்த பத்தாவது நிமிஷமே அந்த ஆளு "பாப்பா, எனக்கு மதுரைல எறங்கணும், ஒங்களுக்கு?"ன்னு கேட்டாரு, "திருநெல்வேலி அங்கிள்", "அப்ப ஒரு மணி வரைக்கும் நான் உக்காந்துக்கறேன் நீங்க படுங்க, திருச்சி வந்தா எழுப்புறேன், மதுரைக்கு அப்புறம் முழுசும் ஒங்களுது". முடிஞ்சுது. எங்க ஏழு பேருக்கும் ஆளுக்கொரு முழு பெர்த் இருந்துச்சு, அதனால எங்களுக்கு யார்கிட்டயும் பேச வேண்டிய அவசியம் இல்லன்னு நெனச்சுட்டோம். அவங்களுக்கு அரைதான்னு தெரியும், அதனால மொதல்லயே பேசிட்டாங்க.

நான் ரெண்டு வருஷம் மும்பைல இருந்தேன், அங்க லோக்கல் ட்ரெயின்ல மூணு பேர் சீட்ல நாலாவது ஆளு ஒரு ஓரத்துல பாதி உடம்ப வெச்சு உக்காருவான், யாரும் மொறைக்க மாட்டாங்க, மத்த மூணு பேரும் ஒரு இன்ச் நகருவாங்க. ஏறுன ஒடனே உக்காந்திருக்கவன் கிட்ட நீ எங்க எறங்குறன்னு கேட்டு எடத்துக்கு துண்டு போடுறதும் அங்க சாதாரணம். இது எந்த போர்டுலயும் எழுதல. நெரிசல் அதிகமான எடத்துலதான் இந்த வாய்ப்பேச்சு வழக்கம் வளருதோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

நெரிசலும் சண்டையும் புதுசும் இல்ல. 1917-ல காந்தி மூணாம் வகுப்புல பம்பாய்லேர்ந்து மெட்ராஸ் வந்த கதைய எழுதியிருக்காரு, 22 பேருன்னு எழுதியிருந்த பெட்டில 35 பேரு வரைக்கும், தரைல அழுக்குக்கு நடுவுல படுத்தவங்க, நின்னுக்கிட்டே வந்தவங்க. அவரு சுயசரிதைல ரயில்வேய மட்டும் திட்டல, புகை புடிச்சு, வெத்தல புகையில மென்னு துப்புற பயணிகளையும் சேத்துதான் சொல்றாரு. அந்த 1917 கதைல ஒரு எடத்துல அடிதடி ஆகப் போய் வயசுல பெரியவங்க சில பேர் குறுக்க விழுந்து தடுத்தாங்கன்னு வரும். அத படிச்சப்ப எனக்கு அந்த இட்லி பேப்பரு ஞாபகம்தான்.

இப்ப கேக்கலாம், பெரியவர் இல்லாத கேபின்ல என்ன பண்றது? அவர மாதிரி ஒருத்தர் எல்லா கோச்லயும் ஏறப் போறதில்ல. அதுக்கப்புறம் நான் போன ரெண்டு மூணு பயணத்துல சும்மா சோதனையா ஒண்ணு பண்ணி பாத்தேன். வண்டி கெளம்பி அரை மணி நேரத்துக்குள்ள, யாரும் எதுவும் தப்பு பண்றதுக்கு முன்னாடி, "எத்தன மணிக்கு படுக்கலாம்? பெர்த்த பத்துக்கு தூக்கலாமா, ஆச்சிக்கு முன்னாடியே படுக்கணுமா?"ன்னு பொதுவா ஒரு கேள்வி போட்டேன். ஒருத்தர் ஒன்பதரைன்னாரு, ஒருத்தர் எனக்கு ஒரு கால் பேசணும் அத முடிச்சுக்கறேன்னாரு, ஒரு அம்மா நாங்க இன்னும் சாப்புடலன்னாங்க. அவ்ளோதான். ஒரு தடவை மட்டும் ஒரு ஆளு "நீங்க என்ன டிடிஆரா?"ன்னு கேட்டாரு, அதுவும் நடந்துச்சு. அன்னைக்கு ராத்திரி அவருதான் பன்னெண்டு மணி வரைக்கும் வீடியோ கால்ல இருந்தாரு, நான் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு படுத்தேன். எல்லா கேஸும் ஜெயிக்காது.

சார்ஜர், செருப்பு, சீட்டுக்கு அடில பைய தள்ளுறது, வாஷ்பேசின்ல சாப்பாட்ட கொட்டுறதெல்லாம் இதுல நான் எடுக்கல, அது ஒவ்வொண்ணுக்கும் தனி கேஸ் எழுதலாம். சார்ஜர் மட்டும் ஒரு வரி, ராத்திரி 11-லேர்ந்து காலைல 5 வரைக்கும் தீ பயத்துக்காக அந்த பாயிண்ட்ல கரண்ட நிறுத்தி வெப்பாங்க, அதுக்கு பக்கத்து ஆள மொறைச்சு பிரயோஜனம் இல்ல, முன்னாடியே போட்டு வெச்சுக்குங்க.

அன்னைக்கு ராத்திரிக்கு திரும்ப வரேன். 22-ல எனக்கு தூக்கம் வர பன்னெண்டரை ஆச்சு, கூரை சூடு நான் பயந்த அளவுக்கு இருந்துச்சு, கொறைவெல்லாம் இல்ல. பக்கத்து கேபின்ல நாலு பேரும் கொஞ்ச நேரம் குசுகுசுன்னு பேசிட்டு திருச்சிக்கு முன்னாடியே அடங்கிட்டானுங்க. கொழந்தை ஒரே ஒரு தடவை அழுதுச்சு, அப்பா 21-லேர்ந்து கைய நீட்டி தட்டிக் குடுத்தாரு, எட்டுச்சு. திண்டுக்கல் தாண்டி ஒரு தடவை, மதுரைல ஒரு தடவைன்னு பெரியவரு ரெண்டு தடவை எறங்கி பாத்ரூம் போயிட்டு ஏறுனாரு. ரெண்டு தடவையும் காலு 18 ஓரத்துல ஊனுச்சு, இடுப்புக்காரரு தூக்கத்துலயே நகந்து எடம் குடுத்தாரு. நான் ரெண்டு தடவையும் முழிச்சுதான் இருந்தேன்.

அப்புறம் எப்ப தூங்குனேன்னு தெரியல. எனக்கு கோவில்பட்டில எறங்கணும், அஞ்சு மணி பக்கம் வரும், அதனால நாலே முக்காலுக்கு அலாரம் வெச்சிருந்தேன். சென்னைல ரூம்ல வெக்கிற அதே அலாரம், முழு சத்தம், நாதஸ்வரம் மேளம். தலைமாட்டுல வெச்ச ஃபோன் தடுப்புக்கும் பெர்த்துக்கும் நடுவுல சொருகிக்கிச்சு, கைய விட்டா எட்டல, கெட்டிமேளம் கொட்டுது, கோச்சே எந்திரிக்குது, கொழந்தை அழ ஆரம்பிச்சுருச்சு. ஒரு வழியா நோண்டி எடுத்து அமுக்குனேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் 27-லேர்ந்து ஒரு தூக்க கொரல்.

"அண்ணே... கொஞ்சம் சவுண்ட கொறைங்கண்ணே."